யூடியூபில் ஆராதனை பார்த்தால் போதாதா? உள்ளூர் சபையில் பெயர் எதற்கு?

கேள்வி, 2024 பிப்ரவரி 3

சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டம், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். வேலை பெங்களூரில். கொரோனா காலத்தில் ஆரம்பித்த பழக்கம், ஞாயிறு காலையில் யூடியூபில் ஆராதனை பார்க்கிறேன். நல்ல பிரசங்கியார்கள், நல்ல பாடகர் குழு. காணிக்கையை கூகுள் பேயில் அனுப்பிவிடுகிறேன். வேதம் தினமும் வாசிக்கிறேன். ஊர் சபைக்குப் போனால் தேர்தல் பகையும், யார் எந்தச் சாதி என்ற பேச்சும்தான். ஒரு சபையின் பதிவேட்டில் என் பெயர் இருப்பதால் என் விசுவாசத்துக்கு என்ன கூடுகிறது? கல்யாணத்துக்கும் கல்லறைக்கும் தவிர அது எதற்கு? கோபத்தில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

பதில், 2024 பிப்ரவரி 4, மாலை

தம்பி, பிரசங்கத்தை வைத்துக் கணக்குப் போட்டால் யூடியூப்தான் ஜெயிக்கும். எங்கள் சேகரத்தில், அதாவது பல ஊர்ச் சபைகள் சேர்ந்த வட்டாரத்தில், ஐயர் (போதகர்) ஒருவர், ஊர்கள் பல. எங்கள் கோயிலுக்கு (சர்ச்சுக்கு) அவர் வருவது அப்பமும் திராட்சரசமும் கொடுக்கிற திருவிருந்து ஞாயிறு மட்டும்தான். அன்றைக்கும் அடுத்த ஊர் ஆராதனைக்கு நேரமாகிவிடும். மற்ற ஞாயிறுகளில் ஊரோடு இருந்து சபையைக் கவனிக்கிற ஊழியரான உபதேசியாரின் பிரசங்கம். நல்ல மனிதர், ஆனால் பேச்சு அவருக்கு அவ்வளவாக வராது.

நான் கேட்பது வேறு. நீங்கள் ஒரு மாதம் யூடியூபைத் திறக்கவில்லை என்று வையுங்கள். யாருக்குத் தெரியும்? உடம்பு சரியில்லையா, வேலை போய்விட்டதா, மனது உடைந்து கிடக்கிறீர்களா என்று அந்தப் பிரசங்கியார் விசாரிப்பாரா? அவருக்கு உங்களைத் தெரியாது, பாவம். எங்கள் ஊரில் ஒரு ஞாயிறு நான் போகாவிட்டால் மறுநாள் பால் வாங்கப் போகிற வழியிலேயே 'டீச்சர், நேத்து ஏன் கோயிலுக்கு வரல?' என்று கேட்டுவிடுவார்கள். இளவயதில் இது தொல்லையாகத்தான் தெரிந்தது. இப்போது, உள்ளூர் சபை எதற்கு என்று யாராவது கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன்: வராதவரைத் தேடுவதற்கு.

அப்போஸ்தலர் நடபடிகள் 2ஆம் அதிகாரத்தில் ஆதிச் சபையார் நான்கு காரியங்களில் உறுதியாய்த் தரித்திருந்தார்கள் என்று வாசிக்கிறோம். உபதேசம், அந்நியோந்நியம், அப்பம் பிட்குதல், ஜெபம். போனில் உபதேசம் கிடைக்கும். ஜெபமும் ஓரளவு. நடுவில் உள்ள இரண்டுக்கும் எதிரே ஆள் வேண்டும்.

அப்புறம் 6ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். சபையில் முதல் கமிட்டி எதற்காக ஏற்பட்டது? அன்றாடச் சாப்பாட்டு விசாரணையில் சில விதவைகள் விட்டுப்போனார்கள். அவர்கள் கிரேக்க மொழி பேசுகிறவர்கள். முறுமுறுப்பு எழும்பியது, ஏழு பேரைத் தெரிந்துகொண்டார்கள். யாருக்குச் சாப்பாடு போகவில்லை என்று பார்ப்பதற்காகத்தான் அந்த ஏழு பேர். இன்றைக்குச் சேகர கமிட்டிக்கு நிற்கிறவர்கள் அந்த அதிகாரத்தை ஒரு முறை உரக்க வாசித்துவிட்டு நின்றால் நல்லது.

2024 பிப்ரவரி 4, இரவு

ஒன்றைச் சேர்க்க வேண்டும். தேடுவது வேறு, துருவுவது வேறு. 'ஏன் வரவில்லை' என்ற கேள்வி அக்கறையாகவும் வரும், வம்பாகவும் வரும். எங்கள் ஊரில் இரண்டும் உண்டு. கல்யாணம் தள்ளிப்போகிற பெண்பிள்ளைகள், பிள்ளையில்லாத தம்பதிகள் இவர்களெல்லாம் ஞாயிற்றுக்கிழமையைப் பயந்து பயந்து கழிக்கிறதைப் பார்த்திருக்கிறேன். சபையை விட்டு விலகுகிறவர்களில் பாதிப் பேர் வேதத்தில் சந்தேகம் வந்து விலகுவதில்லை, வாசலில் நடக்கிற விசாரணைக்குப் பயந்துதான் விலகுகிறார்கள் என்பது என் எண்ணம்.

2024 பிப்ரவரி 7

'வராதவரைத் தேடுவதை நண்பர்கள் வாட்ஸாப் குழுவும் செய்யுமே, குடியிருப்போர் சங்கமும் செய்யுமே' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். செய்யும். ஆனால் நண்பர்களை நாம் தேர்ந்தெடுக்கிறோம். சபையில் பக்கத்தில் உட்காருகிறவரை நான் தேர்ந்தெடுக்கவில்லை. என் பக்கத்தில் ஒரு ஆச்சி உட்காருவார்கள். காது கேட்காது, பாட்டை ஒரு வரி தள்ளியே பாடுவார்கள், என் பாட்டுப் புத்தகத்தில்தான் அவர்களும் பார்ப்பார்கள். எனக்கும் அவர்களுக்கும் சொந்தமில்லை, படிப்பில் பொருத்தமில்லை, வயதிலும் இல்லை. சபை இல்லையென்றால் அந்த ஆச்சி என் வாழ்க்கையில் வந்திருக்கவே மாட்டார்கள். என் மாமியார் படுக்கையில் கிடந்த நாட்களில் கேட்காமலே வந்து உட்கார்ந்திருந்தவர் அந்த ஆச்சிதான்.

2024 பிப்ரவரி 11

வெள்ளத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இன்னும் வீட்டுச் சுவரில் ஈரம் காயவில்லை. ஆனால் தம்பியின் கேள்விக்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை.

எங்கள் ஊர் ஏரல் பக்கம். பெயர் வேண்டாம். 2023 டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆயத்த வாரங்கள், அன்று சாயங்காலம் வீடு வீடாகப் பாடிக்கொண்டு கீதபவனி போவதாக இருந்தது. காலை ஆராதனைக்கே நனைந்துகொண்டுதான் போனோம். அந்த ஒரு நாளில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பெய்தது என்று பிறகு செய்தியில் சொன்னார்கள். ஒரு வருஷத்தில் பெய்கிற மழை ஒரு நாளில். ராத்திரி தாமிரபரணி கரை மீறி வந்தபோது கரண்ட் போய்விட்டது, கொஞ்ச நேரத்தில் போனும் செத்துவிட்டது.

எங்கள் கோயில் மேட்டில் இருக்கிறது. உபதேசியார் மணியை அடித்தார், நிறுத்தாமல் அடித்தார். வாலிபர் சங்கப் பையன்கள் வந்ததும் அவர் சொன்னது எனக்கு வார்த்தை வார்த்தையாக நினைவிருக்கிறது. தெருத் தெருவாகப் போகச் சொல்லவில்லை. 'நீ கடைசி வீட்டுக்குப் போ, அவங்களுக்கு எழும்ப முடியாது, கட்டிலோட தூக்கணும். நீ வடக்குத் தெருவுல அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போ, எட்டு மாசம். புருஷன் குவைத்துல இருக்கான், வீட்டுல ஆம்பள ஆள் இல்ல.' இப்படியே போனது. பேச்சு வராத மனிதர் என்று மேலே எழுதினேனே, அதே மனிதர்தான். கையில் பதிவேடு எதுவும் இல்லை. மாதம் தவறாமல் வீடு வீடாகப் போய் ஜெபம் பண்ணிவிட்டு வருகிறவர், அதனால் எல்லா வீடும் அவருக்கு மனப்பாடம்.

ஹாலில் சாதி மதம் பார்க்காமல் ஊரே வந்து தங்கியது. கிறிஸ்துமஸ் அசனத்துக்கு, அதாவது சபையார் சேர்ந்து சாப்பிடுகிற விருந்துக்கு, வாங்கி வைத்திருந்த அரிசி மூட்டைகள் இருந்தன. அண்டாவும் கிடாரமும் இருந்தன. நாங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்காரர்கள் அடுப்பை மூட்டினோம். விறகு ஈரம், புகையில் கண்ணே தெரியவில்லை. பருப்பும் சோறும்தான். இரண்டாம் நாள் வெறும் கஞ்சி.

இது வரைக்கும் எழுதி நிறுத்தினால் சபையைப் பற்றிப் பெருமையாக முடிந்துவிடும். இன்னொன்றும் நடந்தது. எங்கள் சபையில் ஒரு பெரியவர், தனியாக இருப்பவர், பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு கமிட்டிச் சண்டையில் மனம் கசந்து கோயிலுக்கு வருவதை நிறுத்தியவர். அந்த வீட்டைத் தாண்டிப் பையன்கள் எத்தனை முறை போயிருப்பார்கள். ஒருவருக்கும் அவர் ஞாபகம் வரவில்லை. செவ்வாய்க்கிழமை தண்ணீர் வடிந்து கொண்டிருக்கும்போது ஒருவர் கேட்டார், 'தாத்தா எங்க?' என்று. போய்ப் பார்த்தால் வீட்டுக்குள் பரணில் உட்கார்ந்திருந்தார். உயிரோடுதான். இரண்டு நாள் பச்சைத் தண்ணீர்கூட இல்லாமல்.

அவர் பெயர் பதிவேட்டில் இருந்தது. ஆனால் உபதேசியார் அந்த வீட்டுக்குப் போவதை நிறுத்தி ரொம்ப நாள் ஆகியிருந்தது, அவர் கதவைத் திறக்க மாட்டார் என்று. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் உங்கள் கேள்விக்குப் பதிலாக வைக்கிறேன்.

2024 பிப்ரவரி 12

சபையில் இல்லாதவர்களும் இப்படி உதவினார்களே என்று மதுரை நண்பர் ஒருவர் எழுதியிருப்பது நியாயம். அந்த வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சிக்கி நின்றபோது, அதில் இருந்த நூற்றுக்கணக்கான பேருக்குப் புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டில் இருந்ததைக் கொண்டுவந்து ஊர் இந்துக் கோயிலில் சமைத்துப் போட்டார்கள். முன்பின் தெரியாதவர்களுக்கு. அந்த ஊர்க்காரர்கள் ஒரு சபையாகச் சேர்ந்து அதைச் செய்யவில்லை. நன்மை செய்வது எங்களுக்கு மட்டும் கொடுக்கப்பட்ட காரியம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்கிற பிரசங்கத்தைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும்.

அப்படியானால் சபைக்கென்று தனியாக என்ன இருக்கிறது? யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

2024 பிப்ரவரி 15

நேற்று சாம்பல் புதன். மண்ணாயிருக்கிறாய் என்ற அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.

சபைக்கென்று தனியாக இருப்பது திருவிருந்துதான் என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் கோயிலில் ஆல்டர் முன்னால் வரிசையாக முழங்காலில் நிற்போம். யார் பக்கத்தில் யார் என்று யாரும் பிரிப்பதில்லை. வரப்புத் தகராறில் கோர்ட்டில் நிற்கிற இரண்டு பேர் ஒரே பாத்திரத்தில் வாங்க வேண்டி வரும். அதற்கு முன்னால் 'சமாதானமாயிருங்கள்' என்று சொல்லிக் கையைப் பிடிக்க வேண்டும். எங்கள் ஊரில் கையைப் பிடிக்காமலே திரும்பிப் போய் உட்கார்ந்தவர்கள் உண்டு. அதையும் நான் மதிக்கிறேன். மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வாங்கக் கூடாது என்று தெரிந்துதான் அவர்கள் போய் உட்கார்ந்தார்கள். தன் வழக்கைத் தூக்கிக்கொண்டு ஒருவன் வந்து நின்று 'இதை என்ன செய்வது' என்று கேட்கிற இடம் வேறு எங்கே இருக்கிறது?

பவுல் கொரிந்து சபைக்கு எழுதும்போது திட்டுகிறார். நீங்கள் கூடிவந்து சாப்பிடுகிறீர்கள், 'ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்.' வசதியுள்ளவன் முந்திச் சாப்பிட்டுவிடுகிறான், வேலை முடிந்து பிந்தி வருகிற ஏழைக்கு ஒன்றும் மிச்சமில்லை. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய கடிதம் எங்கள் ஊர் அசனப் பந்தியைப் பார்த்து எழுதினது போல இருக்கிறது. எங்கள் அசனத்தில் கமிட்டிக்காரர் குடும்பத்துக்கு உள் ஹாலில் தனிப் பந்தி போடுகிற வழக்கம் இருந்தது. பெண்கள் சங்கத்தில் பேசி அதை நிறுத்தினோம். பரிமாறுவது நாங்கள்தானே, நாங்கள் உள் ஹாலுக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு போகவில்லை, அவ்வளவுதான். தானாக நின்றுவிட்டது.

2024 பிப்ரவரி 16

பந்தி என்றதும் ஸ்தோத்திரப் பண்டிகை ஏலம் ஞாபகம் வந்துவிட்டது. முருங்கைக்காய், வாழைத்தார், தேங்காய், கோழி எல்லாம் காணிக்கையாக வரும், ஆராதனை முடிந்து ஏலம் விடுவார்கள். எங்கள் தெருச் சித்தி ஒருவர் தான் வளர்த்த சேவலைக் கொண்டுவந்து கொடுத்தார். ஏலத்தில் அதைக் கறிக்கடைக்காரர் கேட்கிறார் என்று தெரிந்ததும் பதறிப்போய் அவரே விலையை ஏற்றி ஏற்றி, சந்தை விலையைப் போல் மூன்று மடங்குக்கு எடுத்து, வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார். அடுத்த வருஷமும் அதே சேவல், அதே ஏலம். கோயிலுக்கு நல்ல வருமானம். கறிக்கடைக்காரர் அதற்காகவே இப்போது முதல் கேள்வி கேட்டு வைக்கிறார்.

கூகுள் பேயில் காணிக்கை அனுப்புவது தவறே இல்லை தம்பி. ஆனால் அங்கே இதெல்லாம் நடக்காது.

2024 பிப்ரவரி 26

சாதியைப் பற்றி நான் எழுதவில்லை என்று இரண்டு பேர் குறிப்பிட்டிருக்கிறார்கள். தம்பியும் முதலிலேயே சொல்லியிருக்கிறார். இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன், காரணம் இதில் எனக்கு ஆறுதலாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளம் கோயிலை எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். கத்தோலிக்கக் கோயில். 1872இல் கட்டும்போதே இரண்டு சாதிக் கூட்டத்துக்கு இரண்டு கிளையாகக் கட்டி, நடுவில் சுவர் வைத்து, இரண்டு பேருக்கும் பீடம் மட்டும் தெரியும்படி அமைத்தார்கள். 1910இல்தான் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. எங்கள் புராட்டஸ்டண்ட் பக்கம் மட்டும் யோக்கியமா? 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை உடனடியாகக் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் அதை ஏற்காமல் எத்தனையோ பேர் சபையைவிட்டு வெளியேறினார்கள். அதாவது கிறிஸ்துவை விட முடிந்தாலும் சாதியை விட முடியவில்லை. சுவர் இன்றைக்குக் கோயிலுக்குள் இல்லை. ஆனால் பெண் எடுக்கும்போதும், ஓட்டுப் போடும்போதும், சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலும் இருக்கிறது.

இதை எதிர்த்து எங்கே நின்று பேசுவது? வெளியே போய்விட்டால் கை சுத்தமாக இருக்கும், உண்மை. அடிபட்டு வெளியே போனவர்களை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். தலித் கிறிஸ்தவர் ஒருவர் 'இந்தச் சபையில் நான் ஏன் இருக்க வேண்டும்' என்று கேட்டால், இரு என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அடிபடாத சாதியில் பிறந்த நம்மைப் போன்றவர்கள் சாதியைக் காரணம் காட்டி விலகினால், நஷ்டம் யாருக்கு? சாதி பேசுகிறவருக்கு எதிர்த்துக் கேட்க ஒரு ஆள் குறைந்தது, அவ்வளவுதான்.

பாளையங்கோட்டையில் 1780இல் எழுதின முதல் சபைப் பட்டியலில் 40 பேர். முதல் பெயர் குளோரிந்தா, தஞ்சாவூரில் இருந்து வந்த பிராமண விதவை, மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றவர். அவர் பெயருக்குக் கீழே பல சாதிக்காரர்களின் பெயர் ஒரே தாளில் இருந்தது. அந்தக் காலத்தில் இவர்கள் எல்லாருடைய பெயரும் வேறு எந்தத் தாளிலாவது சேர்ந்து இருந்திருக்குமா? திருநெல்வேலித் திருச்சபை இப்படித்தான் தொடங்கியது. அந்தத் தாளுக்கு உண்மையாயிருக்கிறோமா என்று கேட்கத்தான் நான் இன்னும் என் பெயரை வைத்திருக்கிறேன்.

2024 மார்ச் 3

தம்பி சொன்ன சபைத் தேர்தல் பகையைப் பற்றி, சுருக்கமாக.

ஒரு முறை எங்கள் சபை வரவு செலவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். அங்கத்தினர் கட்டுகிற சங்கக் காணிக்கை எவ்வளவு வந்தது, கூரை வேலைக்கு எவ்வளவு போனது என்றுதான் கேட்டேன். 'டீச்சருக்கு எங்கமேல நம்பிக்கை இல்ல' என்று வந்துவிட்டது. சில மாதம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மறு வருஷமும் கேட்டேன். அதற்கு அடுத்த வருஷம் வாசலில் எழுதி ஒட்டினார்கள்.

அங்கத்தினராக இருப்பது என்றால் ஞாயிறு தவறாமல் வருவது, பாட்டுப் பாடுவது என்று மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். கணக்கு கேட்பதும் அதில் அடக்கம். பிள்ளைகள் முழு அங்கத்தினராவதற்கு முன் நடக்கிற திடப்படுத்தல் வகுப்பில் பத்துக் கற்பனைகளோடு (கட்டளைகளோடு) இதையும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

2024 மார்ச் 10

கத்தோலிக்க நண்பர் ஒருவர் அன்பியம் பற்றி எழுதியிருக்கிறார். பங்கு பெரியது என்பதால் சில பத்து வீடுகளாகப் பிரித்து, வீட்டில் கூடி வேதம் வாசித்து, தேவைப்பட்டவரைப் பார்த்துக்கொள்கிறார்கள். இது நல்ல ஏற்பாடு. பெரிய சபைகளில் ஆயிரக்கணக்கில் ஆள் வருகிறது, அங்கேயும் வீட்டுக் கூட்டங்கள் இருக்கின்றன. நான் சொல்கிற 'உள்ளூர்' என்பதற்கு ஒரு ஊர், ஒரு கோபுரம் என்று அர்த்தம் வைக்க வேண்டாம். உங்களை முகம் பார்த்துத் தெரிந்தவர்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கே.

இன்னொருவர், 'இப்படிப் பார்த்தால் சபை தன் ஆட்களைத் தானே பார்த்துக்கொள்கிற குடும்பச் சங்கமாகிவிடாதா' என்று கேட்கிறார். நல்ல கேள்வி. ஆகிவிடும், நிறைய இடத்தில் ஆகியும் இருக்கிறது.

ஆனால் எங்கள் பக்கத்துச் சரித்திரம் வேறு மாதிரியும் போயிருக்கிறது. 1830இல் மிஷனரி ரேனியஸ் ஐயர் தர்ம சங்கம் என்று ஒன்று ஏற்படுத்தினார். கிறிஸ்தவரானதால் நிலமும் வீடும் போய்த் துரத்தப்பட்டவர்களுக்கு இடம் வாங்கிக் குடியமர்த்த. அது தன் ஆட்களுக்கு. 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது வேறு ஆட்களுக்கு. வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா அதற்குப் பாடுபட்டவர். வெள்ளைக்காரர் பணம் வேண்டாம், இந்தியப் பணம், இந்திய ஆட்கள், இந்திய நிர்வாகம் என்று சொல்லி, தெலுங்கு தேசத்தில் தோர்ணக்கல்லுக்கு ஊழியரை அனுப்பினார்கள். பனையேறிப் பிழைத்த குடும்பங்கள் நிறைந்த சபைகள், தாங்கள் பார்க்காத ஊருக்கு, பேசாத மொழிக்காரர்களுக்குப் பணம் சேர்த்தார்கள். 1912இல் அசரியா அங்கேயே பிஷப் ஆனார், ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்திய பிஷப்.

அந்த மாதிரிப் பணம் எப்படிச் சேர்ந்தது என்று என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். அம்மா உலை வைப்பதற்கு முன் அளந்த அரிசியில் ஒரு பிடி எடுத்து மூலையில் இருக்கிற சின்னப் பானையில் போடுவார்கள். வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாளிலும் போடுவார்கள், கை மட்டும் கொஞ்சம் சுருங்கும். மாதக் கடைசியில் பானை கோயிலுக்குப் போகும். மிசோரத்தில் 1910 முதல் இதே கைப்பிடி அரிசியை வைத்து ஒரு திருச்சபையே ஊழியம் நடத்துகிறது. அர்ப்பணிப்பு என்று பெரிய வார்த்தை சொல்கிறோம், கன்வென்ஷனில் கையைத் தூக்கச் சொல்கிறார்கள். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டால் அம்மாவின் அந்தக் கைதான் தெரியும். வாரத்துக்கு ஒரு முறை இல்லை, ஒவ்வொரு உலைக்கும்.

2024 மார்ச் 17

'பரணில் இருந்த தாத்தா திரும்பக் கோயிலுக்கு வந்தாரா?' என்று கேட்டிருக்கிறீர்கள்.

வருகிறார். ஜனவரியில் உபதேசியாரும் கமிட்டிக்காரர் ஒருவரும் வீட்டுக்குப் போனார்கள். உள்ளே விடவில்லை. திரும்பவும் போனார்கள், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக் கொடுக்க வாலிபர் சங்கப் பையன்களோடு. பையன்களை விட்டார். பின்வரிசையில், கதவோரம் உட்காருகிறார். திருவிருந்து வாங்க முன்னே எழுந்து வருவதில்லை. யாருடன் சண்டையோ அவரும் இவரும் இன்னும் பேசவில்லை. அது எப்போது தீருமோ, தீராமலே போகுமோ. ஆனால் போன ஞாயிறு தாத்தா வரவில்லை என்று ஆராதனை முடிந்ததும் மூன்று பேர் தனித்தனியாக அவர் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். சளி, அவ்வளவுதான். மூன்று வீட்டுக் கஷாயமும் குடிக்க வேண்டியதாகிவிட்டது என்று கோபமாக இருந்தாராம்.

2024 மார்ச் 30

நேற்று பெரிய வெள்ளி, மூன்று மணி நேர ஆராதனை. நாளை விடியற்காலம் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறோம். வெள்ளையடித்து முடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

'கல்யாணத்துக்கும் கல்லறைக்கும் தவிர எதற்கு' என்று தம்பி கேட்டது இன்றைக்கு மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த 'தவிர' எனக்கு உறுத்துகிறது. 2020இல் கோயில் பூட்டியிருந்த மாதங்களில் என் மாமியார் போனார்கள். செப்டம்பர் 1ஆம் தேதிதான் எல்லா வழிபாட்டு இடங்களும் திறந்தன, அவர்கள் அதற்கு முன்னாலேயே போய்விட்டார்கள். கொரோனா இல்லை, வயோதிகம். ஆனாலும் கூட்டம் கூடாது. அடக்க ஆராதனைக்கு ஐயரும் வீட்டு ஆட்களும் மட்டும். எழுபது வருஷம் அந்தக் கோயிலில் பாடினவர்களுக்கு 'என்னோடிரும்' என்று பாட நாலைந்து குரல்தான். பெட்டி தெருவழியே போகும்போது ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சபையார் நின்றார்கள். யாரும் கிட்டே வரவில்லை. வாசலில் நின்றபடியே பாட்டை எடுத்தார்கள், ஒரு வீடு விட்ட இடத்தில் அடுத்த வீடு. கல்லறை வரைக்கும் பாட்டு நிற்கவில்லை.

சொந்தக்காரர்கள் போனில் லைவாகப் பார்த்தார்கள். அதற்கு நன்றிதான், வெளிநாட்டில் இருப்பவர்கள் வேறு என்ன செய்ய முடியும். எனக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது தெருவில் நின்றவர்கள்.

கல்லறைக்கு எதற்குப் பெயர் என்றால், இதற்குத்தான்.

2024 ஏப்ரல் 8

தம்பி, ஈஸ்டருக்குப் பெங்களூரில் என் வீட்டுக்குப் பக்கத்துத் தமிழ் சபைக்குப் போனேன், யாருமே பேசவில்லை, திரும்பி வந்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். வாசிக்க வருத்தமாக இருந்தது. கோபமும் வந்தது, உங்கள் மேல் இல்லை. பண்டிகை நாளில் புதிதாக வந்து நிற்கிற பிள்ளையிடம் 'எந்த ஊர்?' என்றுகூடக் கேட்காத சபையாரை நினைத்து. எங்கள் சபையிலும் இதே குறை உண்டு. வெள்ளத்துக்குப் பிறகு ஏரலில் கடை வைக்க வந்த ஒரு குடும்பம் எங்கள் கோயிலுக்கு வருகிறது, அவர்களிடம் இன்னும் பாதிப் பேர் பேசவில்லை. பெண்கள் சங்கத்தில் இந்த மாதம் இதைத்தான் எடுத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கு இரண்டு பேர், புதிதாக வருகிறவர்களோடு உட்காருவது, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவது.

நீங்கள் திரும்பவும் போங்கள். பண்டிகை நாளில் எல்லாருக்கும் அவரவர் வீட்டு அவசரம், சாதாரண ஞாயிறாகப் பார்த்துப் போங்கள். ஆராதனை முடிந்ததும் கிளம்பிவிடாமல் வாசலில் நில்லுங்கள். வயதானவர்கள் மெதுவாகத்தான் வெளியே வருவார்கள், அவர்களிடம் உங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள். நம் பக்கத்துக்காரர் ஒருவராவது இருப்பார், யார் வீட்டுப் பிள்ளை என்று ஆரம்பிப்பார். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் பாடகர் குழுவோ, ஓய்வுநாள் பாடசாலையோ, நாற்காலி எடுத்துப்போடுகிற வேலையோ, ஏதாவது ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேலை இருந்தால்தான் வராத அன்றைக்குத் தேடுவார்கள்.

பெயரை வேறு சபைக்கு மாற்றுகிற மாறுதல் கடிதம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் ஊர் சேகரத்து ஐயரிடம்தான் வாங்க வேண்டும். ஞானஸ்நானம், திடப்படுத்தல் இரண்டுக்கும் தேதி கேட்பார்கள், அம்மாவிடம் இருக்கும். சங்கக் காணிக்கை பாக்கி இருந்தால் அதைக் கட்டிவிடச் சொல்வார்கள், கட்டிவிடுங்கள். மே மாதம் ஊருக்கு வரும்போது நேரில் போய் வாங்குவது நல்லது, அப்படியே உங்கள் உபதேசியாரையும் பார்த்துவிட்டு வாருங்கள்.